தர்மத்துக்கும் ஓர் ஐந்தொகை வேண்டும்

2017ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். கடை வாசலில் சாமான் இறக்கும் லொறி வந்து நிற்கிறது. அந்த நேரம் பார்த்து, டப்ளின் நகரில் கணக்காளராக வேலை செய்யும் என் ராத்தாவின் மகன் கோல் எடுத்தார்.

"மாமா, ஒக்டோபர் கடைசியில டப்ளின் மரதன் ஓடப் போறேன். சுகமில்லாத சின்னப் புள்ளைகளுக்கான ஒரு அமைப்புக்கு சல்லி சேர்க்கத்தான். நீங்களும் ஸ்பொன்சர் பண்ணணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஓடுறது நீங்க, சல்லி குடுக்கிறது நானா மகன்? ஓடாமலே கேட்டா தரமாட்டோமா?" என்றேன்.

"ஓடாமக் கேட்டா நீங்க தருவீங்க மாமா. எங்கட ஒபிசில இருக்கிற இருநூறு பேரும் தரமாட்டாங்க" என்று சொல்லி, நிதி சேகரிப்பு விபரத்தை அனுப்பி வைத்தார்.

இரவு கடை பூட்டிய பிறகுதான் அதை வாசித்தேன். அதில் ஒரு வரி என்னை நிறுத்தியது. 16 யூரோ கொடுத்தால், கடும் நோயுள்ள ஒரு பிள்ளையின் வீட்டுக்கு ஒரு தாதி வந்து ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொள்வார் என்று எழுதியிருந்தது. முப்பது வருடம் வியாபாரம் செய்தவன் நான். விலை எழுதி ஒட்டாத சாமான் விற்காது என்பதை அறிவேன். ஆனால் தர்மத்துக்கு விலை எழுதி ஒட்டியிருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மூன்று மணித்தியாலத்துக்கு, அதாவது 48 யூரோவுக்கு, என் பெயரைப் போடச் சொன்னேன்.

அந்த இளைஞர்கள் செய்யும் வேலையைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று அன்றே நினைத்தேன். அவர்கள் நமக்குச் சமூக சேவை கற்றுத்தர வேண்டியதில்லை, நமது வர்த்தகர்கள் கொடுப்பதில் யாருக்கும் குறைந்தவர்களல்ல. நாம் குறைந்தவர்களாக இருப்பது வேறோர் இடத்தில். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு மணித்தியாலத்தின் விலை

மருமகன் ஓடிய அமைப்பின் பெயர் 'ஜெக் அண்ட் ஜில்'. 1997ஆம் ஆண்டு ஜோனதன் ஏர்வின், மேரி ஆன் ஓ'பிரையன் என்ற தம்பதியினர் ஆரம்பித்தது. ஜெக் என்பது அவர்களுடைய மகனின் பெயர். பிறந்த சில நாட்களிலேயே மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்ட அந்தப் பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு அரச உதவி எதுவும் கிடைக்கவில்லை. அக்கம்பக்கத்தாரும் தாதிகளும் மாறி மாறி வந்து உதவியதால்தான் தாயும் தகப்பனும் கண்மூடித் தூங்க முடிந்தது. ஜெக் 22 மாதங்கள் மட்டுமே உயிரோடிருந்தான். தங்களுக்குக் கிடைத்த அந்த உதவி மற்றக் குடும்பங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று அவர்கள் அமைப்பை உருவாக்கினார்கள்.

இதில் நமக்குச் சுவையான விடயம், மேரி ஆன் ஒரு வியாபாரி. 1992இல் வீட்டுச் சமையலறையில் சொக்லட் செய்ய ஆரம்பித்து, 'லிலி ஓ'பிரையன்ஸ்' என்ற பெரிய சொக்லட் கம்பனியாக அதை வளர்த்தவர். வியாபாரி கை பட்ட இடம் அந்த அமைப்பில் தெரிகிறது. "நோயாளிப் பிள்ளைகளுக்கு உதவுங்கள்" என்று கேட்டால் எவ்வளவு கொடுப்பது என்று மனிதன் யோசிப்பான், யோசித்தால் பிறகு பார்ப்போம் என்பான். "ஒரு மணித்தியாலம் 16 யூரோ" என்றால் அவன் எத்தனை மணித்தியாலம் என்று எண்ண ஆரம்பித்து விடுகிறான். பின்னர் செலவு கூடியபோது அந்த விலையையும் 18 யூரோவாகத் திருத்தினார்கள். அரிசி விலை கூடினால் நாம் பலகையில் மாற்றி எழுதுவதைப் போலத்தான்.

மருமகன் அந்த வருடம் சேர்த்தது 1,280 யூரோ. அவர் என்னிடம் தொகையைச் சொல்லவில்லை. "எண்பது மணித்தியாலம் வந்திருக்கு மாமா" என்றுதான் சொன்னார்.

சுப்பர் மார்க்கட்டில் கண்டது

அடுத்த வருடம், 2018 ஒக்டோபரில், ராத்தாவோடு டப்ளின் போக எனக்கும் வாய்ப்புக் கிடைத்தது. இரண்டு கிழமை மருமகன் வீட்டில் இருந்தோம்.

போன முதல் சனிக்கிழமை சாமான் வாங்க ஒரு சுப்பர் மார்க்கட்டுக்குப் போனோம். அயர்லாந்தில் 2002ஆம் ஆண்டிலிருந்தே பிளாஸ்டிக் பைக்கு வரி உண்டு, ஆகவே சனங்கள் பையைக் கையோடு கொண்டு வருவார்கள். காசு கட்டும் இடத்தில் ஒரே மாதிரி டீ சேர்ட் போட்ட இளைஞர்கள் வரிசையாக நின்று, வாடிக்கையாளரின் சாமானைப் பையில் அடுக்கிக் கொடுத்தார்கள். பக்கத்தில் ஒரு வாளி. விரும்பியவர் சில்லறை போடலாம், போடாமலும் போகலாம். எங்கள் பையை அடுக்கிய பையன் உருளைக்கிழங்கைக் கீழே வைத்து, பாணை மேலே வைத்து, முட்டைப் பெட்டியைத் தனியாக எடுத்து ராத்தாவின் கையில் கொடுத்தான். கடைப் பையன்தான் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் மருமகன் சொன்னார், "அவர் என்னோட வேல செய்ற ஓடிட்டர் மாமா. ஒரு மணித்தியாலத்துக்கு அவர்ர சார்ஜ் எவ்வளவு தெரியுமா?"

அந்தக் கடைக்காரருக்கு இதில் ஒரு சதமும் செலவில்லை. இடம் கொடுத்தார், அவ்வளவுதான். கிடைத்தது என்ன? வரிசை வேகமாக நகர்ந்தது, வாடிக்கையாளர் சிரித்த முகத்தோடு போனார், கடையின் பெயரும் நல்லதாகப் பேசப்பட்டது. நமது ஊர்க் கடைகளிலும் இதைச் செய்யலாமே என்று எனக்குப் பட்டது.

மருமகனின் கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டப்ளின் துறைமுகத்தின் பழைய பண்டகசாலைப் பகுதியில் 1987இல் அரசாங்கம் ஒரு சர்வதேச நிதிச் சேவை நிலையத்தை அமைத்தது. வங்கிகளும் கணக்காய்வு நிறுவனங்களும் வந்தன. 2003இல் கூகுள் வந்தது, பிறகு பேஸ்புக் முதலான கம்பனிகளும் வந்தன. அதனால் இருபத்தைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்ட கணக்காளர்கள், சட்டத்தரணிகள், கணினித் துறையினர் ஆயிரக்கணக்கில் அந்நகரில் இருக்கிறார்கள். பல அலுவலகங்களில் வருடத்துக்கு ஒரு தர்ம அமைப்பை ஊழியர்களே வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். ஊழியர்கள் சேர்க்கும் தொகைக்குச் சமமாக இன்னொரு தொகையைக் கம்பனி போடுவதும் வழக்கத்தில் உண்டு. அப்படித் தெரிவாகும் அமைப்புகளில் சிறுவர்களுக்கானவை அதிகம்.

மரதன் நாளில் மெரியன் சதுக்கத்துப் பக்கம் போய் நின்றேன். 1980இல் தொடங்கிய ஓட்டம், அந்த வருடம் 20 ஆயிரம் பேருக்கு இடம் கொடுத்திருந்தார்கள். ஓடுபவர்களின் நெஞ்சில் எத்தனையோ அமைப்புகளின் பெயர்கள். பெண்களுக்கென்று 1983இல் தொடங்கிய 10 கிலோமீற்றர் 'மினி மரதன்' வேறாக ஜூன் மாதத்தில் நடக்கிறது. அதிலும் ஓட முடிந்தவர் ஓடுகிறார், முடியாதவர் நடக்கிறார், ஆளுக்கொரு அனுசரணை அட்டை.

தொழிலையே கொடுப்பவர்கள்

ஓடுவதும் பை அடுக்குவதும் எவரும் செய்யக்கூடிய வேலை. எனக்குக் கூடுதலாகப் பிடித்தது, தங்களுடைய தொழிலையே கொடுக்கும் முறை.

'கிறிஸ்மஸ் எப்.எம்.' என்று ஒரு வானொலி. 2008ஆம் ஆண்டிலிருந்து நத்தார் காலத்தில் மட்டும் ஒலிபரப்பாகிறது. அறிவிப்பாளர், தொழில்நுட்பவியலாளர் எல்லோரும் சம்பளமில்லாத தொண்டர்கள். நடத்தும் செலவை அனுசரணைக் கம்பனிகள் கட்டிவிடும். ஆகவே நேயர்கள் கொடுக்கும் பணம் செலவில் கரையாமல் தர்ம அமைப்புக்குப் போகிறது. பர்னாடோஸ், பாரட்ஸ்டவுன், மேக்-எ-விஷ் போன்ற சிறுவர் அமைப்புகள் அப்படிப் பயன் பெற்றிருக்கின்றன. செலவுக்கு ஒரு கை, தர்மத்துக்கு இன்னொரு கை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் கெட்டித்தனம்.

ஜெக் அண்ட் ஜில் அமைப்புக்காக 2017இல் 'இன்கொக்னிட்டோ' என்று ஒரு சித்திர விற்பனை ஆரம்பமானது. ஓவியர்கள் தபாலட்டை அளவில் படம் வரைந்து இலவசமாகக் கொடுப்பார்கள். பெரிய பெயருள்ளவரும் உண்டு, புதியவரும் உண்டு. எல்லாப் படத்துக்கும் ஒரே விலை. யார் வரைந்தது என்பது விற்பனை முடியும் வரை வெளியில் தெரியாது. வாங்குபவருக்கு அதிர்ஷ்டம் அடித்தால் பெரிய ஓவியரின் படம் சிறிய விலைக்குக் கிடைக்கும், அடிக்காவிட்டாலும் பிடித்த படம் கையில் இருக்கும்.

பாரட்ஸ்டவுன் என்று மேலே ஒரு பெயர் சொன்னேன். கில்டெயார் மாவட்டத்தில் ஒரு பழைய கோட்டை அது. ஒரு காலத்தில் அழகுசாதன வியாபாரி எலிசபெத் ஆர்டனுக்குச் சொந்தமாக இருந்து, பிறகு பலசரக்கு வியாபாரத்தில் பெரும் பெயரெடுத்த வெஸ்டன் குடும்பத்தின் கைக்கு வந்தது. அவர்கள் 1977இல் அதை ஐரிஷ் அரசுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். 1994இல் அமெரிக்க நடிகர் போல் நியூமன் அங்கே கடும் நோயுள்ள பிள்ளைகளுக்கான முகாமை ஆரம்பித்தார். இதே நியூமன்தான் 1982இல் 'நியூமன்ஸ் ஓன்' என்ற பெயரில் சாலட் சோஸ் விற்க ஆரம்பித்து, இலாபம் முழுவதையும் தர்மத்துக்கே கொடுத்தவர். புற்றுநோய் போன்ற நோயோடு போராடும் பிள்ளைகளும் குடும்பத்தாரும் அந்தக் கோட்டைக்கு வந்து சில நாட்கள் தங்கி விளையாடிப் போகிறார்கள், அவர்களிடம் ஒரு சதமும் வாங்குவதில்லை. பிள்ளைகளோடு கூட இருந்து பார்த்துக்கொள்ளும் இளைஞர்களுக்கு 'காரா' என்று பெயர். ஐரிஷ் மொழியில் நண்பர் என்று பொருள். மருமகனோடு வேலை செய்யும் ஒரு பெண் சட்டத்தரணி தன் வருடாந்த லீவில் ஒரு கிழமையை அதற்கே ஒதுக்கியிருந்தார்.

இன்னொன்று 'லோராலின்'. லோரா, லின் என்ற இரண்டு சகோதரிகளின் பெயர் அது. இருவரையும் சில வருட இடைவெளிக்குள் பறிகொடுத்த பெற்றோரின் முயற்சியால், அயர்லாந்துக் குடியரசின் முதலாவது சிறுவர் அந்திமகாலப் பராமரிப்பு இல்லம் 2011இல் டப்ளினில் திறக்கப்பட்டது.

இருபத்தொரு யூரோவின் இரகசியம்

டப்ளினில் ஒரு விடயம் எனக்குப் புதிராக இருந்தது. பல தர்ம அமைப்புகளின் விளம்பரங்களில் "மாதம் 21 யூரோ தாருங்கள்" என்று இருக்கும். இருபது என்று கேட்டால் போதாதா, அது என்ன இருபத்தொன்று?

மருமகன் கணக்கைப் போட்டுக் காட்டினார். அந்நாட்டில் ஒருவர் ஒரே அமைப்புக்கு வருடத்தில் 250 யூரோ அல்லது அதற்கு மேல் கொடுத்தால், அந்தத் தொகைக்கு அவர் ஏற்கெனவே கட்டிய வருமான வரியில் ஒரு பங்கை அரசாங்கம் அந்த அமைப்புக்குத் திருப்பிக் கொடுக்கிறது. 2013ஆம் ஆண்டிலிருந்து இதற்கான வீதம் 31. கொடுத்தவர் ஒரு படிவத்தில் கையொப்பமிட்டால் போதும், 250 யூரோ அமைப்பின் கையில் ஏறத்தாழ 362 யூரோவாகி விடும். மாதம் 20 யூரோ என்றால் வருடத்துக்கு 240, எல்லையைத் தொடாது. 21 என்றால் 252, தொட்டுவிடும். மாதத்துக்கு ஒரு யூரோ கூடக் கேட்டு, வருடத்துக்கு நூறு யூரோவுக்கு மேல் கூடுதலாகப் பெறுகிறார்கள். இதைத்தான் கணக்குத் தெரிந்தவன் செய்யும் தர்மம் என்பது.

நமக்கு ஒத்துவராத முறைகளும் அங்கே உண்டு. மதுக்கடையில் நடத்தும் வினாவிடைப் போட்டி, சீட்டிழுப்பு என்பவற்றுக்கு மருமகன் போவதில்லை, அதற்காக அவரை யாரும் குறை சொல்வதுமில்லை. ஓட்டம் போன்றவற்றில் சேர்ந்துகொள்கிறார்.

வேறு சில முறைகளில் எனக்கு வியாபாரி என்ற வகையிலேயே சந்தேகம் உண்டு. தர்மத்துக்கென்று ஆபிரிக்காவுக்குப் போய் கிளிமஞ்சாரோ மலை ஏறுகிறார்கள். சில பயணங்களில் சேர்த்த பணத்திலிருந்தே பயணச் செலவின் ஒரு பகுதியும் கழிகிறது. ஹோட்டல் விருந்தும் அப்படித்தான். உதாரணத்துக்கு, 150 யூரோ டிக்கட்டில் சாப்பாட்டுக்கும் மண்டபத்துக்கும் 100 யூரோ போனால் பிள்ளைக்குப் போவது 50தான். விற்பனைத் தொகையைப் பார்த்துச் சந்தோசப்படும் கடைக்காரன் வருட முடிவில் அழுவான். பார்க்க வேண்டியது தேறிய இலாபத்தை. இதை மருமகனிடம் கேட்டேன். "ஒபிசில அதத்தான் நாங்களும் கேக்கிறோம் மாமா. மலை ஏற ஆசப்படுறவர் அவர்ர செலவில ஏறட்டும், சேர்க்கிற சல்லி முழுக்க அங்க போகட்டும்" என்றார்.

நம்பிக்கை உடைந்த காலம்

இதுவரை சொன்னது வெளிச்சம். இருட்டையும் சொல்ல வேண்டும்.

2013ஆம் ஆண்டின் கடைசியில் அயர்லாந்தைக் கலக்கிய செய்தி ஒன்று வெளிவந்தது. உடல் ஊனமுற்ற சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் சேவை செய்யும் டப்ளின் மத்திய புனர்வாழ்வு நிலையத்தில், மக்கள் தர்மமாகக் கொடுத்த பணத்திலிருந்து உயரதிகாரிகளுக்கு மேலதிகக் கொடுப்பனவு போயிருந்தது. ஓய்வுபெற்ற தலைமை அதிகாரி ஒருவருக்குக் கிடைத்த தொகை மட்டும் 7 இலட்சத்து 42 ஆயிரம் யூரோ என்று 2014 ஜனவரியில் பாராளுமன்றக் குழுவின் முன் தெரியவந்தது. அந்தக் காயம் ஆறுவதற்குள், 2016இல் 'கொன்சோல்' என்ற அமைப்பை நிறுவியவரும் குடும்பத்தாரும் அமைப்பின் பணத்தைச் சொந்தச் செலவுக்குப் பயன்படுத்தியது தொலைக்காட்சி விசாரணையொன்றில் அம்பலமானது. தற்கொலையால் உறவினரை இழந்தவர்களுக்கு ஆறுதல் கொடுப்பதற்கென்று இருந்த அந்த அமைப்பு மூடப்பட்டது.

பிழை செய்தவர்கள் சிலர். ஆனால் அடி விழுந்தது எல்லோர் மீதும். எந்தச் சம்பந்தமுமில்லாத அமைப்புகளுக்கும் நன்கொடை குறைந்தது. வாளியில் சில்லறை போட வந்த கை பின்னுக்குப் போனது. பாவம் செய்யாத பிள்ளையின் தாதிக்கான மணித்தியாலம் அங்கே வெட்டுப்பட்டது.

இந்த இடத்தில் என்னுடைய கதையையும் சொல்லாமல் மேலே போனால், பிறர் குற்றத்தை மட்டும் எழுதியவனாகி விடுவேன்.

2006ஆம் ஆண்டு எங்கள் ஊரில் ஒரு சின்னப் பிள்ளையின் இருதயத்தில் ஓட்டை. சத்திரசிகிச்சைக்கு இந்தியா கொண்டு போக வேண்டும். கடைக் கடையாக ஏறி இறங்கிச் சேர்த்தவன் நான்தான். நான்கு இலட்சத்து அறுபதாயிரம் ரூபா சேர்ந்தது. பணத்தைக் கடை லாச்சியில் ஒரு கவரில் போட்டு வைத்தேன். விமான டிக்கட், வைத்தியச் செலவு, வேன் கூலி என்று கேட்கக் கேட்க எடுத்துக் கொடுத்தேன். பிள்ளை சுகமாகித் திரும்பி வந்தது. மீதியாக இருந்த முப்பதாயிரம் சொச்சத்தை மருந்துச் செலவுக்கென்று தகப்பனின் கையிலேயே கொடுத்துவிட்டேன். நான் ஒரு ரூபாவையும் தொடவில்லை. ஆனால் ஒரு துண்டுக் கடதாசியும் எழுதவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தேத்தண்ணிக் கடையில் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஹாஜியார், அந்த மீதிச் சல்லி என்னாகினது?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. "என்னையே சந்தேகப்படுறீங்களா?" என்று கத்திவிட்டு எழும்பி வந்துவிட்டேன். அந்தக் கோபம்தான் நான் செய்த பிழை. அவர் கேட்டது கணக்கு, நான் காட்டியது முகம்.

2008இல் வேறொரு முச்சக்கர வண்டிக்காரரின் பிள்ளைக்கு அதே போன்ற நோய் வந்தது. மீண்டும் நாங்கள் இறங்கிச் சேர்த்தோம். தேவைப்பட்டதில் பாதியும் சேரவில்லை. யாரும் மூஞ்சிக்கு நேரே எதையும் சொல்லவில்லை, "இப்ப கொஞ்சம் கஷ்டம் ஹாஜியார்" என்று மட்டும் சொன்னார்கள். அந்தத் தகப்பன் தன் வண்டியை விற்றுப் பிள்ளைக்கு வைத்தியம் செய்தார். பிள்ளை பிழைத்தது. ஆனால் தொழில் போய், இன்னொருவருடைய வண்டியை நாட்கூலிக்கு ஓட்டும் நிலைக்கு அவர் வந்துவிட்டார். நான் 2006இல் எழுதாமல் விட்ட ஒரு பக்கக் கணக்கின் விலை அது.

டப்ளினில் மருமகன் அந்த நாட்டு ஊழல்களைப் பற்றிச் சொன்னபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்த முச்சக்கர வண்டிதான்.

உடைந்ததைக் கட்டியவர்கள்

அயர்லாந்தில் தர்ம அமைப்புகளுக்கான சட்டம் 2009இலேயே நிறைவேறியிருந்தது. ஆனால் கண்காணிக்கும் அதிகாரசபை 2014 ஒக்டோபரில்தான், அதாவது முதலாவது ஊழல் வெளிவந்த பிறகுதான், செயற்பட ஆரம்பித்தது. தர்ம அமைப்புகள் அதில் பதிய வேண்டும், வருடா வருடம் அறிக்கை கொடுக்க வேண்டும். பதிவேட்டை எவரும் பார்க்கலாம். 2018 நவம்பரில், ஓர் அமைப்பை எப்படி நிர்வகிக்க வேண்டும் என்ற ஒழுங்குக் கோவையும் வெளியிடப்பட்டது. வீதியில் பணம் சேர்ப்பதற்கோ 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி பொலிஸ் அனுமதி வேண்டும்.

சட்டம் வந்தால் மட்டும் போதாது, அதைச் செய்து முடிக்க ஆள் வேண்டும். சிறிய அமைப்புகளிடம் கணக்காளர் வைக்கப் பணமில்லை. இங்கேதான் அந்த இளைஞர்களின் இன்னொரு முகத்தைக் கண்டேன். கணக்காளர், சட்டத்தரணி, கணினி தெரிந்தவர் என்று பலர் தர்ம அமைப்புகளின் பணிப்பாளர் சபைகளில் சம்பளமில்லாமல் அமர்கிறார்கள். அவர்களையும் அமைப்புகளையும் சேர்த்து வைப்பதற்கென்றே 'போர்ட்மெட்ச்' என்ற நிறுவனம் இயங்குகிறது. வேலை முடிந்த பிறகு இரவு ஏழு மணிக்கு ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, பற்றுச்சீட்டையும் வங்கிக் கூற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இதற்கு யாரும் கைதட்டுவதில்லை. டீ சேர்ட்டும் இல்லை, பதக்கமும் இல்லை.

நான் அங்கிருந்தபோது மருமகனும் ஒரு சிறிய அமைப்புக்கு அப்படிப் பொருளாளராகச் சேர்ந்திருந்தார். "ஓடி நான் சேர்க்கிறது வருசத்துக்கு ஆயிரம் யூரோ மாமா. இந்தக் கணக்கு நேரா இருந்தா அதப் பார்த்துக் குடுக்கிறவங்க எத்தன பேர்!" என்றார். ஓட்டத்தை விட இது பெரிய வேலை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான்கு கேள்விகள்

வர்த்தக அன்பர்களே, உங்களிடமும் கிழமைக்கு இரண்டு பேராவது உதவி கேட்டு வருவார்கள். கொடுப்பதை நிறுத்தச் சொல்ல நான் இதை எழுதவில்லை. கொடுக்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள்.

முதலாவது, என் பணம் எதை வாங்கப் போகிறது? "உதவி" என்று மொத்தமாகச் சொல்லாமல், இன்ன மருந்து, இத்தனை நாள் என்று சொல்லட்டும். இரண்டாவது, சேர்ப்பதற்கான செலவை யார் கட்டுகிறார்? நோட்டீஸ், வாகனம், சாப்பாடு எல்லாம் தர்மப் பணத்திலிருந்து போகிறதா, அல்லது அதற்கென்று ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறாரா? மூன்றாவது, பணம் எங்கே இருக்கும்? ஒருவரின் லாச்சியிலா, இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கிலா? நான்காவது, முடிந்த பிறகு கணக்கை எங்கே பார்க்கலாம்?

இதே கேள்விகளை யாராவது உங்களிடம் கேட்டால், நான் செய்தது போலக் கத்தாதீர்கள். மொத்த வியாபாரியிடம் பில் கேட்கிறோம், வங்கியிடம் கூற்றுக் கேட்கிறோம். அதை யாரும் அவமானமாக எடுப்பதில்லை. பிள்ளையின் பெயரில் சேர்த்த பணத்துக்குக் கணக்குக் கேட்டால் மட்டும் நமக்கு ஏன் முகம் சிவக்க வேண்டும்?

உங்கள் பிள்ளைகள், மருமக்களில் கணக்கியல் படித்தவர் இருந்தால் அவரிடம் பணம் மட்டும் கேட்காதீர்கள். மாதத்தில் ஓர் இரவைக் கேளுங்கள்.

டப்ளினிலிருந்து வந்த பிறகு நான் செய்த முதல் வேலை, காபன் வைத்து எழுதும் பற்றுச்சீட்டுப் புத்தகம் அச்சடித்தது. 2019இல் ஒரு சிறுமியின் சத்திரசிகிச்சைக்காகச் சேர்த்தபோது, ஐம்பது ரூபா கொடுத்தவருக்கும் துண்டு கொடுத்தோம். எல்லாம் முடிந்ததும் வரவு, செலவு, மீதி மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டினேன்.

அன்று பின்னேரம், தேத்தண்ணிக் கடையில் என்னைக் கேள்வி கேட்ட அதே மனிதர் கடைக்கு வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரைக்கும் வாசித்தார். ஓர் இடத்தில் விரலை வைத்து, "வேன் கூலி ஆறாயிரத்து ஐந்நூறு... பில் இருக்கா ஹாஜியார்?" என்றார். லாச்சியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். பார்த்தார். திருப்பித் தந்தார். பிறகு இரண்டு கிலோ சீனி வாங்கிக்கொண்டு போனார்.

அந்தச் சுவரில் அந்தத் தாள் ஒரு வருடம் இருந்தது.